ஆயிரம் வாட்டில் ஓர் ஊர்

2024 பிப்ரவரி முதல் வாரத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து ஒரு செய்தி உலகைச் சுற்றியது. ஜாஸ்பர் என்ற சிறிய ஊரில் பழைய பாடல்களை ஒலிபரப்பிவந்த டபிள்யூ.ஜே.எல்.எக்ஸ். என்ற வானொலி நிலையம், தன் கோபுரத்தைக் காணவில்லை என்று அறிவித்திருந்தது. 200 அடி உயர இரும்புக் கோபுரம். மண்டிக்கிடந்த புதரை வெட்டப் போன ஆட்கள் பார்த்தபோது கோபுரமும் இல்லை, கட்டடத்துக்குள் இருந்த டிரான்ஸ்மிட்டரும் இல்லை என்றது நிலையம். இந்தச் செய்தியைப் படித்த தமிழர் யாருக்கும், கிணற்றைக் காணோம் என்று போலீசிடம் போன வடிவேலு நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது.

சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பாட்டுகள் களவுபோகவில்லை. ஸ்டுடியோ வேறோர் இடத்தில் அப்படியே இருந்தது. பேசுகிறவர்கள் இருந்தார்கள். அரசு தந்த உரிமமும் கையில் இருந்தது. ஆனாலும் வானொலி நின்றுபோனது. அப்படியானால், சின்ன ஊரில் ஒரு வானொலி நிலையம் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்கு உண்மையில் எதுதான் சொந்தம்?

சொந்தமில்லாதவற்றைக் கழித்துக்கொண்டே வருவது எளிது. அலைவரிசை அவருடையதல்ல. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம் இதில் கறாராக இருக்கிறது: உரிமம் பெற்றவர் அலைவரிசையைப் பயன்படுத்தலாம், உடைமையாக்கிக்கொள்ள முடியாது. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுநலனுக்கு உழைத்தேன் என்று காட்டி அந்த உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பாடல்களும் அவருடையவை அல்ல. இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் கப்பம் கட்டித்தான் ஒலிபரப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு தன் ஒலி எவ்வளவு தூரம் போகும் என்பதும் அவர் கையில் இல்லை. அதை வானம் முடிவுசெய்கிறது. கழித்து மிஞ்சுவது இரும்பு, செம்பு, கொஞ்சம் நிலம். இவற்றை வைத்து ஓர் ஊரின் குரலாக எப்படி ஆக முடிந்தது என்பதில்தான் இந்தக் கதையின் வியப்பு இருக்கிறது.

கோபுரமே ஆன்டெனா

பண்பலைக் கோபுரத்தையோ செல்போன் கோபுரத்தையோ பார்த்தால், உச்சியில் சில கருவிகள் பொருத்தியிருப்பார்கள். அலை அவற்றிலிருந்துதான் கிளம்பும். கீழே இருக்கும் இரும்பு வெறும் தாங்கி. மத்திய அலையில், அதாவது ஏ.எம். ஒலிபரப்பில், அப்படியல்ல. முழுக் கோபுரமும் ஆன்டெனா. அடியிலிருந்து நுனிவரை மின்னோட்டம் ஏறி இறங்கும். அதனால் கோபுரம் நேரடியாக மண்ணில் நிற்பதில்லை. தடித்த பீங்கான் காப்பான் ஒன்றின்மேல் நிற்கிறது. பல டன் எடை அந்த ஒரு பீங்கானில் இறங்குகிறது. இழுத்துக் கட்டிய கம்பிகளையும் இடையிடையே வெட்டிப் பீங்கான் கோத்திருப்பார்கள். ஒலிபரப்பு நடக்கும்போது தரையில் நின்றபடி கோபுரத்தைத் தொட்டால் கை வெந்துவிடும்.

உயரமும் யாரோ மனம்போன போக்கில் வைத்ததல்ல. ஜாஸ்பர் நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது 1240 கிலோஹெர்ட்ஸ். ஒளி ஒரு நொடியில் செல்லும் 3,00,000 கிலோமீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும்: சுமார் 242 மீட்டர். செங்குத்தாக நிற்கும் கம்பி அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருந்தால் மின்சாரத்தை அலையாக மாற்றுவது சுலபம். 242-இல் நான்கில் ஒரு பங்கு 60 மீட்டர் சொச்சம், அடிக்கணக்கில் 198. ஜாஸ்பரில் இல்லாமல்போன கோபுரத்தின் 200 அடி உயரம், 1240 என்ற எண்ணை இரும்பில் எழுதிய உருவம்.

கண்ணில் படுவது ஆன்டெனாவில் பாதிதான். மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. கோபுரத்தின் அடியிலிருந்து நாலாபக்கமும் செம்புக் கம்பிகள் ஆரம்போலப் புதைக்கப்பட்டிருக்கும். எத்தனை கம்பி வேண்டும் என்பதை 1937-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியாளர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் மூவரும் வயலில் கம்பிகளைப் புதைத்து அளந்து பார்த்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து 120 என்பதே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொன்றும் கோபுரத்தின் உயர அளவுக்கு நீளும். 60 மீட்டர் நீளத்தில் 120 கம்பிகள் என்றால் 7 கிலோமீட்டருக்கு மேல் செம்பு. மேலே மாடு மேய்ந்துகொண்டிருக்கும் புல்வெளியின் அடியில் ஒரு செம்பு வலை விரிந்திருக்கிறது என்பது சாலையில் போகிறவருக்குத் தெரியாது. செம்புத் திருடர்களுக்குத் தெரியும்.

மண்ணின் குணம்

மத்திய அலை பகலில் தரையோடு ஒட்டிப் போகிறது. மண் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் அலை தேயாமல் போகும். அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கும் கரிய, ஈரமான சமவெளி மண் நல்ல கடத்தி. வடகிழக்கே நியூ இங்கிலாந்தின் பாறை நிலம் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கடத்தாத இடங்கள் உண்டு. அதே 1000 வாட், அதே உயரக் கோபுரம், அதே செம்பு. கன்சாஸில் பல மாவட்டங்களைத் தாண்டிக் கேட்கும் நிலையம் வெர்மான்ட்டில் பக்கத்து மலைக்கு அப்பால் மங்கிவிடும். ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. என்ற கூட்டாட்சி ஆணையம், நாட்டின் மண்ணையெல்லாம் மின்கடத்தும் திறன்படி பிரித்துக் காட்டும் வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறது. வானொலி தொடங்க நினைக்கிறவர் பார்க்க வேண்டிய முதல் படம் அதுதான்.

மண்ணையெல்லாம் விடச் சிறந்த கடத்தி உப்புத் தண்ணீர். மிக நல்ல சமவெளி மண்ணைவிடக் கடல்நீர் நூறு மடங்குக்கும் மேலாகக் கடத்தும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைப் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் உள்ள கடலோர ஊர்களில் உள்ளூர் நிலையம்போலக் கேட்டு வளர்ந்தவர்கள் இதை அறிவியல் தெரியாமலே அனுபவித்தவர்கள். நடுவில் கிடந்த கடல் தடையாக இல்லாமல் பாதையாக இருந்தது.

பொழுது சாய்ந்தால்

பகலில் தரையோடு போகும் அலையைத் தவிர, வானை நோக்கிக் கிளம்பும் அலையும் உண்டு. பகலில் அது எங்கும் போய்ச் சேர்வதில்லை. தரைக்கு 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரியக் கதிர்கள் காற்று மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்துவைத்திருக்கும். டி அடுக்கு என்று அதற்குப் பெயர். மேலே வரும் மத்திய அலை அந்த எலெக்ட்ரான்களை உலுக்கும். அவை அடர்ந்த காற்றோடு மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். அலை அங்கேயே கரைந்துபோகும்.

சூரியன் மறைந்ததும் பிய்ந்த எலெக்ட்ரான்கள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. அந்த உயரத்தில் காற்று ஓரளவு அடர்த்தி என்பதால் இது விரைவில் நடந்துவிடும். டி அடுக்கு இல்லாமல்போகும். அதற்கும் மேலே, 100 கிலோமீட்டரைத் தாண்டிய அடுக்குகளில் காற்று மெலிந்தது. அங்கே எலெக்ட்ரான்களுக்கு ஒட்டிக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது. அதனால் அவை இரவெல்லாம் தாக்குப்பிடிக்கின்றன. பகலில் கரைந்துபோன அலை இப்போது அந்த மேலடுக்கு வரை ஏறி, அங்கிருந்து வளைந்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தரைக்கு இறங்குகிறது. இப்படி ஒரு கண்ணாடி வானத்தில் இருக்க வேண்டும் என்று 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தார்கள். 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் நிறுவினார். 1947-இல் நோபல் பரிசு பெற்றார்.

இரவில் தூரத்து நிலையங்கள் கேட்பது நேயருக்குக் கொண்டாட்டம். சட்டம் போடுகிறவருக்குத் தலைவலி. ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இரவில் ஒன்றையொன்று மிதிக்கும். 1927-இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வானொலி ஆணையம் மறு ஆண்டே இதற்கு ஒரு வழி செய்தது. அலைவரிசைகளைச் சாதிபிரிப்பதுபோலப் பிரித்தது. சில அலைவரிசைகள் பெருநகரங்களின் பெரிய நிலையங்களுக்கு. இரவில் அவற்றில் வேறு யாரும் குறுக்கிடக் கூடாது. சில, வட்டார நிலையங்களுக்கு. மிச்சமிருந்த சில, சின்ன ஊர்களுக்கு. வட அமெரிக்க நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை 1941 மார்ச் 29 அன்று நடைமுறைக்கு வந்தபோது பெரும்பாலான நிலையங்கள் ஒரே நாளில் அலைவரிசை மாறின. சின்ன ஊர்களின் பங்கு ஆறு எண்களில் நிலைத்தது: 1230, 1240, 1340, 1400, 1450, 1490.

இந்த ஆறு எண்களில் ஒவ்வொன்றிலும் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பகலில் பிரச்சினை இல்லை. ஒன்றின் தரையலை மற்றதை எட்டாது. இரவில் நூறு ஊர்களின் வானலைகளும் ஒரே எண்ணில் இறங்கும். யாரோ பேசுகிறார்கள், யாரோ பாடுகிறார்கள், அடியில் ஒரு உறுமல், எதுவும் பிரியாது. பொறியாளர்கள் இவற்றைச் சுடுகாட்டு அலைவரிசைகள் என்று கேலி செய்வார்கள். உள்ளூர் நிலையத்தின் தரையலை அந்த இரைச்சலை வெல்வது கோபுரத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குத்தான். அதாவது, கிட்டத்தட்ட ஊரின் எல்லை வரை.

வலிமையைக் கூட்டினால் என்ன? கூட்டிப் பார்த்தார்கள். தொடக்கத்தில் 100 வாட், பிறகு 250, இன்று 1000. 250-ஐ 1000 ஆக்கும்போது அலையின் வலு நான்கு மடங்காவதில்லை, இரண்டு மடங்காகிறது. அந்த இரண்டு மடங்கும் இரவில் பயன்படவில்லை. எல்லா ஊர்களுக்கும் ஒரே சலுகை கிடைத்ததால் இரைச்சலும் சரியாக இரண்டு மடங்கானது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். எவருக்கும் மேடை கூடுதலாகத் தெரியவில்லை.

இதைவிடச் சிரமப்பட்டவை பகல் நிலையங்கள். பெரிய நிலையத்தின் அலைவரிசையில் பகலில் மட்டும் ஒண்டிக்கொள்ள இவற்றுக்கு அனுமதி. சூரியன் மறையும் நேரம் மாதவாரியாக உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த நிமிடம் வாயை மூட வேண்டும். வட மாநிலங்களில் டிசம்பர் மாதம் மாலை நாலரை மணிக்கே கடையைச் சாத்தும் வானொலிகள் இருந்தன. மக்கள் வேலை முடிந்து காரில் ஏறும் நேரம் அது.

ஒரே ஊர், ஒரே முதலாளி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் சுமார் 900 ஏ.எம். நிலையங்கள் இருந்தன. 1950-இல் அந்த எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டிவிட்டது. புதிதாக வந்தவற்றில் பெரும்பகுதி சின்ன ஊர் நிலையங்கள். வானமும் மண்ணும் இவற்றுக்குப் போட்டிருந்த வேலியால் ஒரு விளைவு ஏற்பட்டது. பெரிய கம்பெனிகளுக்கு இவற்றில் ஆசை வரவில்லை. ஒலி ஊரைத் தாண்டாது என்றால் விளம்பரமும் ஊரைத் தாண்டாது. தீவனக் கடை, மருந்துக் கடை, டிராக்டர் விற்பவர், இறுதிச்சடங்கு நடத்துபவர், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் நேரில் போய்ப் பேசி விளம்பரம் வாங்கத் தெரிந்த ஆள்தான் இந்தத் தொழிலில் பிழைக்க முடியும். எனவே முதலாளி உள்ளூர்க்காரராக இருந்தார். அவரே மேலாளர், அவரே விளம்பரம் பிடிப்பவர், காலையில் மைக் முன்னால் உட்காருபவரும் பல ஊர்களில் அவரே.

நிகழ்ச்சிகளும் ஊரின் அளவுக்கு அமைந்தன. காலையில் தானிய விலை, இறந்தவர்களின் பெயர்கள், பனி விழுந்தால் எந்தப் பள்ளிக்கு விடுமுறை என்ற பட்டியல். வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால். ஞாயிறு தேவாலய வழிபாடு. பழைய ஃபிரிட்ஜ் விற்க வேண்டுமா, கன்றுக்குட்டி வாங்க வேண்டுமா, போன் போட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு நிகழ்ச்சி ஏறத்தாழ எல்லாச் சின்ன ஊர்களிலும் உண்டு. சில ஊர்களில் இன்றும் நடக்கிறது.

சட்டமும் இதற்குத் துணையாக இருந்தது. 1953-இல் வந்த விதிப்படி நாடு முழுவதிலும் ஒருவர் ஏழு ஏ.எம்., ஏழு பண்பலை நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஒரே ஊரில் இரண்டு ஏ.எம். நிலையங்கள் ஒருவரிடம் இருக்கவும் கூடாது. அலைவரிசை பொதுச்சொத்து என்றால், அதில் பேசும் வாய்களும் பலவாக இருக்க வேண்டும் என்பது வாதம்.

பழைய பாட்டு ஏன் இங்கே வந்து சேர்ந்தது?

சின்ன ஊர் ஏ.எம். நிலையம் முதலிலிருந்தே பழைய பாட்டு நிலையமாக இருக்கவில்லை. 1950களிலும் 60களிலும் அது அன்றைய புதுப்பாட்டு நிலையம். ஒமாஹா நகரில் டாட் ஸ்டார்ஸ் என்பவர், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் மக்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதைக் கவனித்துத் தன் வானொலியையும் அப்படியே நடத்திப் பார்த்தார். முதல் நாற்பது வெற்றிப் பாடல்களைச் சுழலவிடும் பழக்கம் நாடெங்கும் பரவியது.

பிறகு பண்பலை வந்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும் அது வேரூன்ற முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1970களின் இறுதியில் அமெரிக்கர்கள் ஏ.எம்.மை விடப் பண்பலையை அதிகம் கேட்கத் தொடங்கினார்கள். காரணம் காதுக்கே தெரியும். ஏ.எம். நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பக்கத்து நிலையத்தின் தொந்தரவைத் தவிர்க்க, ரேடியோப் பெட்டி செய்கிறவர்கள் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். தாளத்தட்டின் சிலிர்ப்பு, வயலினின் மேல் நுனி, பாடகரின் மூச்சு எல்லாம் அந்த வெட்டில் போய்விடும். பண்பலை 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்டீரியோவில் தரும். புதுப்பாட்டும் இளைஞரும் அங்கே போய்விட்டார்கள்.

ஏ.எம்.மில் மிஞ்சியது பேச்சு. அல்லது, ஏ.எம்.முக்காகவே செய்யப்பட்ட பாட்டு. இந்த இரண்டாவதில்தான் சுவையான ஒரு பொருத்தம் இருக்கிறது. 1960களின் ஒலிப்பதிவாளர்களுக்குத் தங்கள் பாட்டு எங்கே கேட்கப்படும் என்று தெரியும்: கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனம், முடித்த பாட்டை ஸ்டுடியோவின் பெரிய ஸ்பீக்கர்களில் மட்டும் கேட்டு முடிவுசெய்யவில்லை. கார் ரேடியோபோல ஒலிக்கும் ஒரு மட்டமான ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தது. அதில் நின்றால்தான் பாட்டு வெளியே போகும். குரல் முன்னால், தாளம் அழுத்தமாக, எல்லாம் மோனோவில். குறுகிய குழாயின் அளவறிந்து வார்த்த பாடல்கள் அவை. அறுபது ஆண்டு கழித்து அதே குழாயில் ஊற்றினாலும் சிந்தாமல் போகின்றன.

பழைய பாட்டுக்குச் சந்தை உண்டு என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸின் ஆர்ட் லபோ. டிரைவ்-இன் உணவகத்திலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்த அவரிடம் இளைஞர்கள் சில ஆண்டுகளுக்கு முந்தைய பாடல்களை விரும்பிக் கேட்டார்கள். 1959-இல் அவற்றைத் தொகுத்து இசைத்தட்டாக வெளியிட்டார்; அது ஆண்டுக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் இருந்தது. 1972-இல் நியூயார்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை முழுநேரப் பழைய பாட்டு நிலையமாக மாறியது.

இதற்கும் முன்னால், யாரும் திட்டமிடாத ஒரு பழைய பாட்டுக் காலமும் இருந்தது. 1941-இல் இசையமைப்பாளர் சங்கமான ஆஸ்காப் கேட்ட கட்டணத்தைக் கொடுக்க மறுத்த வானொலிகள், சுமார் பத்து மாதங்கள் அதன் பாடல்களையே புறக்கணித்தன. அந்தக் காலத்தில் காப்புரிமை தீர்ந்துபோன, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் பாடல்கள் காற்றில் ஓயாமல் ஒலித்தன. இன்றும் ஒரு விசித்திரம் தொடர்கிறது: அமெரிக்காவில் ஏ.எம்., பண்பலை நிலையங்கள் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பணம் தருகின்றன. பாடியவருக்குத் தர வேண்டியதில்லை.

இருபத்து நான்கு வயது

பழைய பாட்டு என்றால் எவ்வளவு பழையது? இதற்கு உளவியலில் ஒரு விடை உண்டு. மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1930கள் முதல் 1980கள் வரையிலான வெற்றிப் பாடல்களைப் பல வயதினரிடம் போட்டுக்காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். 1989-இல் வெளியான முடிவு: ஒருவருக்கு மிகப் பிடித்த பாடல்கள் அவர் ஏறத்தாழ 24 வயதில் இருந்தபோது புழக்கத்தில் இருந்தவை. அதற்கு முன்னாலும் பின்னாலும் விருப்பம் சரிகிறது.

இந்த எண்ணோடு விளம்பரத் துறையின் ஓர் எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். பெரிய விளம்பர நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்குவது 25 முதல் 54 வயது வரையிலான நேயர்களை. 54-ஐத் தாண்டியவர் அவர்கள் கணக்கில் வருவதில்லை. 2025-இல் 54 வயதானவருக்கு 24 வயது நடந்தது 1995-இல். ஆகவே பெருநகரத்தின் பழைய பாட்டு நிலையம் ஆண்டுதோறும் ஓர் ஆண்டு முன்னே நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 1950களின் பாட்டு முதலில் போனது, பிறகு 60கள், பிறகு 70கள். 2005 ஜூனில் டபிள்யூ.சி.பி.எஸ். பழைய பாட்டையே கைவிட்டது, நேயர்கள் கொதித்தார்கள், 2007 ஜூலையில் திரும்பி வந்தது, ஆனால் முன்பிருந்ததைவிட இளைய பாடல்களோடு.

1965-இல் 24 வயதாக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். அவருக்கான பாட்டு பெருநகரத்தில் இல்லை. சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே விளம்பரம் கொடுப்பவர் நியூயார்க்கில் உட்கார்ந்து அட்டவணை பார்க்கும் ஏஜென்சிக்காரர் அல்ல. மருந்துக் கடைக்காரர், காது கேட்கும் கருவி விற்பவர், இறுதிச்சடங்கு நடத்துபவர். எண்பது வயதுக்காரரிடமும் பர்ஸ் உண்டு என்று இவர்களுக்குத் தெரியும். பழைய பாட்டு சின்ன ஊரில் தங்கியது பாசத்தால் மட்டுமல்ல, இந்தக் கணக்கினாலும்தான்.

அந்தப் பாடல்களின் ஆயுள் நேயரின் ஆயுளோடு முடிவதும் இல்லை. 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்சல் குழுவினர் கல்லூரி வயதினரிடம் பல பத்தாண்டுப் பாடல்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். தங்கள் காலத்துப் பாட்டைத் தவிர, பெற்றோர் இளைஞராக இருந்த 1980களின் தொடக்கத்துப் பாடல்களிலும் 1960களின் பாடல்களிலும் அவர்களின் நினைவும் விருப்பமும் மேடுகட்டி நின்றன. வீட்டிலும் காரிலும் ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பிள்ளைகள் கேட்காமலே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

லாங் ஐலண்டின் கிழக்கு முனையில், ஒருகாலத்தில் திமிங்கில வேட்டைத் துறைமுகமாக இருந்த சாக் ஹார்பர் என்ற ஊரின் டபிள்யூ.எல்.என்.ஜி. நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1960களிலிருந்து 2009-இல் இறக்கும்வரை அதன் முகமாக இருந்த பால் சிட்னி, கடை திறப்பு, தீயணைப்பு வீரர் விருந்து என்று ஊரில் எது நடந்தாலும் வண்டியோடு போய் அங்கிருந்தே ஒலிபரப்புவார். பண்பலையாக இருந்தும் அந்த நிலையம் வெகுகாலம் மோனோவிலேயே ஒலித்தது. பழைய விளம்பர மெட்டுகளையும் விடவில்லை. பணக்காரர்கள் கோடை கழிக்க வரும் பகுதியில், உள்ளூர்க்காரரின் வானொலியாகவே அது நின்றது.

ஆறு நிலையம், ஒரு கம்பெனி

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய தகவல்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நாடு முழுவதிலும் ஒருவர் எத்தனை வானொலிகள் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டது. மிகப் பெரிய நகரங்களில் எட்டு நிலையங்கள் வரை ஒரே கையில் இருக்கலாம் என்றானது. டெக்சாஸின் க்ளியர் சேனல் நிறுவனத்திடம் அதற்குமுன் இருந்தவை சுமார் நாற்பது. சில ஆண்டுகளில் 1,200-ஐத் தாண்டின. இதே காலத்தில் கம்ப்யூட்டர் வந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்தது. ஓர் அறிவிப்பாளர் ஒரு மதியத்தில் பல ஊர்களுக்கான பேச்சைப் பதிவுசெய்து அனுப்பிவிடலாம். இரவில் ஆளே வேண்டாம். மண்ணும் வானமும் போட்ட வேலி அப்படியே இருந்தது. வேலிக்குள் இருப்பவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் போயிற்று.

இதன் பொருள் 2002 ஜனவரி 18 அன்று வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் தெரியவந்தது. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு மேல் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டு, அமோனியா வாயு ஊருக்குள் பரவியது. ஊரின் ஆறு வணிக வானொலிகளும் க்ளியர் சேனலிடம் இருந்தன. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று மக்களுக்குச் சொல்ல வானொலியைப் பிடிக்கப் போலீசார் முயன்றார்கள், உடனே முடியவில்லை. எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ் சரியாக அமைக்கவில்லை என்றது கம்பெனி. போனை எடுக்க ஆளில்லை என்றது ஊர். ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். வானொலி உடைமை பற்றிய விவாதங்களில் மைனாட்டின் பெயர் இன்றும் அடிபடுகிறது.

சொத்தின் கணக்கும் தலைகீழாகிவிட்டது. முன்பு உரிமத்துக்குத்தான் மதிப்பு, நிலம் அதற்குத் துணை. இன்று நகர்ப்புறங்களில் 120 செம்புக் கம்பிகள் படுத்திருக்கும் அந்த விரிந்த புல்வெளிக்கு வானொலியைவிட விலை அதிகம். வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில் டபிள்யூ.எம்.ஏ.எல். நிலையத்தின் கோபுர நிலம் வீடு கட்டுபவர்களுக்கு 7 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. 2020-இல் கோபுரங்களைச் சாய்த்தார்கள். ஜாஸ்பர் போன்ற ஊர்களில் நிலத்துக்கு அந்த விலை இல்லை. அங்கே ஏ.எம். நிலையத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதனோடு ஒட்டிவைத்த குட்டிப் பண்பலை. 2009 முதல், ஏ.எம். நிகழ்ச்சியை 250 வாட் வரையிலான பண்பலை அஞ்சல் ஒன்றில் மறு ஒலிபரப்புச் செய்ய எஃப்.சி.சி. அனுமதிக்கிறது. நேயர்களில் பலர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் ஏ.எம்.தான் அசல், பண்பலை நிழல். அதனால்தான் கோபுரம் போனதும் ஜாஸ்பரின் பண்பலையும் நிற்க வேண்டியதாயிற்று. அதை மட்டும் தொடர்ந்து நடத்த நிலையம் கேட்ட அனுமதியை எஃப்.சி.சி. மறுத்தது.

இப்போது சிக்கல் கார்ப் பக்கமிருந்து வந்திருக்கிறது. மின்சாரக் காரின் மோட்டாரை இயக்கும் மின்சுற்றுகள் வேகமாகத் திறந்து மூடும்போது எழும் இரைச்சல், மத்திய அலையின் மேல்தான் விழுகிறது. அதை அடக்கச் செலவாகும் என்பதால் சில கம்பெனிகள் காரிலிருந்து ஏ.எம்.மை எடுத்துவிட்டன. 2023-இல் ஃபோர்டு தன் புதிய கார்களிலிருந்து அதை நீக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. எல்லாக் கார்களிலும் ஏ.எம். கட்டாயம் என்று சொல்லும் மசோதா நாடாளுமன்றத்தில் இரு கட்சிகளின் ஆதரவோடு கொண்டுவரப்பட்டது. அதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், புயலிலும் வெள்ளத்திலும் செல்போன் செத்துப்போனாலும் ஏ.எம். பேசும் என்பது. இயற்பியல் அந்த வாதத்தின் பக்கம்தான் இருக்கிறது: ஒரு கோபுரம், ஒரு ஜெனரேட்டர், ஆயிரம் வாட், நடுவில் எந்த வலைப்பின்னலும் இல்லாமல் ஒரு ஊர் முழுவதையும் எட்டும்.

ஆனால் எட்டுவது அலை. அதில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஆள் ஊரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையமும் தன் ஊரிலோ அருகிலோ ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக ஒரு விதி இருந்தது. இனி அது தேவையில்லை என்று 2017-இல் எஃப்.சி.சி. அதை நீக்கிவிட்டது. காருக்குள் ரேடியோ இருந்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் பாடுபடும் அதே நாட்டில், அந்த ரேடியோவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் இன்று இல்லை. அப்படி ஒருவர் இன்னும் உட்கார்ந்திருக்கும் ஊர்களில், எந்த விதியும் அவரை அங்கே உட்காரவைக்கவில்லை.